தேய்மானத்தைப் பங்கிடும் பொறுப்பு: நினைவில்லத்தின் தலைமைக் காப்பாட்சியர் என்ன செய்கிறார்?

வழக்கமான அருங்காட்சியகத்தில் கட்டடம் என்பது பொருள்களைக் காக்கும் கூடு. நினைவில்லத்தில் அப்படியில்லை. சன்னல், படிக்கட்டு, சமையற்கட்டுச் சுவரின் புகைக்கறை, கதவின் பித்தளைப் பிடி எல்லாமே காட்சிப்பொருள்தான். அவற்றின் மேல்தான் மக்கள் நடக்கிறார்கள்; அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறுகிறார்கள். வெயிலும் காற்றும் தாராளமாக வரவேண்டும் என்று கட்டிய வீட்டுக்குள், வெயில் பட்டால் வெளுக்கும் பட்டுத்துணியையும் ஈரம் பட்டால் வீங்கும் மரத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் ‘எதுவும் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தலைமைக் காப்பாட்சியரிடம் சொல்வதில் பொருளே இல்லை. திறந்து வைத்தால் வீடு தேயும், மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். எது தேயலாம், எவ்வளவு வேகமாகத் தேயலாம், யாருடைய பயனுக்காகத் தேயலாம் என்று முடிவெடுத்து, அதற்குக் கணக்கு வைத்து, கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பதுதான் அந்தப் பதவி. கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் அன்றாடம் கைகொடுப்பது அந்தக் கணக்குப் புத்திதான்.

அவருடைய பிரிவில் யார் யார் இருப்பார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறும். பெரிய இடங்களில் காப்பாட்சியர்கள், சேகரிப்புப் பதிவாளர், பாதுகாப்பு வல்லுநர், ஆவணக் காப்பாளர், துப்புரவுக் குழு என்று தனித்தனி ஆட்கள் உண்டு. சிறிய இடங்களில் ஒரே ஆளும் சில தன்னார்வலர்களும்தான். இரண்டாவதாக ஒருவரை நியமிக்கப் பணம் கிடைத்தால், இன்னொரு காப்பாட்சியரை எடுப்பதைவிடப் பதிவாளரை எடுப்பது நல்லது. எந்தப் பொருள் யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் மற்ற எந்த ஆய்வும் காற்றில் கட்டிய கோட்டைதான். இன்னொன்று: துப்புரவுக் குழுவைக் கட்டடப் பராமரிப்புப் பிரிவிடம் விட்டுவிடக் கூடாது. பொருள்களைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மேசைக் காலடியில் புதிதாக மரத்தூள் கொட்டியிருப்பதை முதலில் காண்பவரும் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். அந்தச் செய்தி அன்றைக்கே காப்பாட்சியரின் காதுக்கு வந்துசேர வேண்டும்.

எந்த ஆண்டின் வீடு?

வீட்டை எந்த ஆண்டில் இருந்த நிலையில் காட்டுவது என்பதுதான் முதல் பெரிய முடிவு. லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தன் வாழ்நாளிலேயே, 1833-இல், நாடாளுமன்றச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, தன் வீட்டைத் தான் விட்டுச்செல்லும் நிலையிலேயே முடிந்தவரை வைத்திருக்க வேண்டும் என்று உறுதிசெய்துவிட்டார். அவர் இறந்தது 1837-இல். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டைப் பற்றிய குழப்பம் இல்லை. பாஸ்டனில் தன் வீட்டையே அருங்காட்சியகமாக்கிய கலைச் சேகரிப்பாளர் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னரின் உயிலும் இப்படித்தான், ஓவியங்களை இடம் மாற்ற விடாது. 1990-இல் அங்கிருந்து 13 கலைப்பொருள்கள் திருடு போன பிறகும் வெற்றுச் சட்டங்கள் அதே சுவரில் தொங்குகின்றன.

சட்டமோ உயிலோ கையைக் கட்டிப்போடாத வீடுகளில்தான் சிக்கல். புகழ்பெற்றவர் அங்கே வாழ்ந்த காலத்தைப் பொற்காலமாக எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த தாழ்வாரம், குளியலறை, மின்கம்பி எல்லாவற்றையும் பிடுங்கி எறியும் ஆசை அறங்காவலர் குழுவுக்கு எப்போதும் உண்டு. பிடுங்கியதைத் திரும்ப வைக்க முடியாது. அதற்கு அடியில் இருந்த ‘மூல நிலை’ பற்றிய ஆதாரமும் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். இல்லாத ஒன்றுக்காக இருக்கிற ஒன்றை அழித்ததுதான் மிச்சம்.

வேறு வழிகளும் உண்டு. தென் கரோலினாவின் டிரேட்டன் ஹால் மாளிகை 1974-இல் அமெரிக்கத் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அதை மீட்டெடுக்காமல், அறைகலன் எதுவும் போடாமல், வெறும் வீடாகவே காட்டுகிறார்கள். இங்கிலாந்தின் கால்க் அபி 1985-இல் ஏறத்தாழப் பாழடைந்த மாளிகையாகவே அந்நாட்டுத் தேசிய அறக்கட்டளையிடம் வந்தது. உரிந்த சுவர்த்தாளும் அடைசலான அறைகளும் அப்படியே நிறுத்திவைக்கப்பட்டன. ‘அப்படியே நிறுத்துவது’ மலிவான வழி என்று நினைப்பவர்கள் உண்டு. உரியும் சுவர்த்தாளை மேலும் உரியாமல் பிடித்து வைப்பதற்குப் புதிய தாள் ஒட்டுவதைவிட அதிக உழைப்பு வேண்டும். இப்போது அருங்காட்சியகமாக உள்ள நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் குடியிருப்பில், காட்சிக்கு வைத்த ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு ஆண்டு. வாடகைக் குடியிருப்புக்கு அதுதான் பொருத்தம்.

வீடு முழுவதற்கும் ஒரே ஆண்டு என்று பிடிவாதம் பிடிக்காமல், ஆதாரம் எங்கே அழுத்தமாக இருக்கிறதோ அந்த ஆண்டை அறைவாரியாகத் தேர்ந்துகொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் அதைப் பார்வையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எந்த ஆண்டு என்று தேர்ந்தெடுக்கும்போதே யாருடைய வீடு என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில், அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் தெற்குப் பகுதி அறையை 1941-இல் பார்வையாளர் கழிப்பறையாக மாற்றியிருந்தார்கள். அவரைப் பற்றிய காட்சி அங்கே திறக்கப்பட்டது 2018-இல்தான். வேலைக்காரர் அறைகள், பின்கட்டு, சலவைக்கூடம் ஆகியவற்றை அலுவலகமாகவும் கிடங்காகவும் மாற்றும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அந்த அறைகளில் ஆணி அடிப்பதற்கு முன்பு, வரவேற்பறைக்குச் செய்யும் அதே ஆய்வை அங்கேயும் செய்திருக்க வேண்டும்.

ஆதாரத்துக்குத் தரம் போடுதல்

அறையை எப்படி அமைப்பது என்பதற்கு எழுத்துவடிவத் திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு ஒரு குறியீடு. இந்த அறையிலேயே இருந்தது என்று ஆவணம் உள்ள பொருளுக்கு அ. குடும்பத்துப் பொருள்தான், எந்த அறை என்று தெரியாது என்றால் ஆ. அதே காலம், அதே வகை, வெளியிலிருந்து வாங்கியது என்றால் இ. புதிதாகச் செய்த நகல் என்றால் ஈ. ஊகம் என்றால் உ. ஒவ்வொரு பொருளின் பதிவிலும் இந்த எழுத்து இருக்க வேண்டும். அறை ஒன்றைக் கணக்கெடுத்தால் பல வீடுகளில் ‘இ’யும் ‘உ’வும்தான் மிகுந்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழிகாட்டிகள் அதை மறைத்து, ‘இதோ அவர் உட்கார்ந்த நாற்காலி’ என்று சொல்வதுதான் தவறு.

இறப்புக்குப் பின் எடுக்கும் உடைமைப் பட்டியல்தான் பெரும்பாலும் முதல் ஆதாரம். அதை எழுதியவர் வீட்டைச் சுற்றிக் காட்ட எழுதவில்லை, சொத்து மதிப்பிடத்தான் எழுதினார் என்பதை மறக்கக் கூடாது. மனைவியின் தனிச்சொத்து, முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்தவை, சுவரோடு பதித்தவை அதில் வராது. மலிவான சாமான்கள் ‘சில்லறைச் சாமான்கள்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். தவிர, அது சாவு நடந்த வீடு. நோயாளிக்காகக் கூடத்துக்கு இறக்கிய கட்டில் பட்டியலிலும் கூடத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கூடத்தை நிரந்தரப் படுக்கையறையாக்கிவிடக் கூடாது.

பழைய புகைப்படம் இதைவிட நம்பத்தகுந்தது போலத் தோன்றும். விசேஷ நாளில், அதற்காகவே ஒழுங்குபடுத்திய அறையில் எடுத்த படமாக அது இருக்கலாம். வண்ண விஷயத்தில் இன்னும் பெரிய பொறி ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் சாதாரணப் புகைப்படத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாகப் பதிவுசெய்தன. ஆகவே சிவப்புத் திரைச்சீலை கறுப்பாகவும், மஞ்சள் இருண்டும், நீலச் சுவர் ஏறத்தாழ வெள்ளையாகவும் விழும். படத்தில் வெளிறித் தெரிகிற சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் பிறகு சுரண்டிப் பார்த்தால் அடியில் நல்ல நீலம் கிடைப்பது இதனால்தான்.

சுவரையே கேட்பது மேல். தரையின் ஓரத்தில் சீரான இடைவெளியில் சிற்றாணித் துளைகள் இருந்தால் அங்கே சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் விரித்திருக்கிறார்கள். கதவு நிலைக்குப் பின்னாலும் சுவரடிப் பலகையின் இடுக்கிலும் பழைய சுவர்த்தாளின் கீற்று ஒட்டிக்கொண்டிருக்கும். படம் தொங்கிய இடம் நிழலாக நிற்கும்.

வண்ணப் பூச்சு ஆய்வுக்கு குண்டூசித் தலை அளவு மாதிரி போதும். ஆனால் மேல்பூச்சு முதல் மரம் அல்லது காரைவரை எல்லா அடுக்கும் அதில் இருக்க வேண்டும். கை படாத, வெயில் படாத மூலையில் எடுத்து, பிசினில் பதித்து, குறுக்குவெட்டாகத் தேய்த்து, 100 முதல் 200 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். அடிப்பூச்சை இறுதிப் பூச்சு என்று எண்ணிவிடுவது ஒன்று. இருட்டில் கிடந்த ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு பழுத்து மஞ்சளாகும் என்பதை மறந்து, அந்த மஞ்சளையே மூல நிறம் என்று தீட்டுவது இன்னொன்று. மாதிரியைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்தபின் நிறம் பார்ப்பது அதற்காகத்தான். மூன்றாவது, வேறு அறையிலிருந்து கழற்றி மாட்டிய கதவின் பூச்சை இந்த அறையின் வரலாறாக வாசிப்பது. ஒரே அறையில் கதவு, சன்னல், சுவரடிப் பலகை ஆகியவற்றிலிருந்து தனித்தனி மாதிரி எடுத்து, அடுக்குகளின் வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இந்தக் குட்டு உடைந்துவிடும்.

குடும்பத்தார் சொல்லும் நினைவுகள் ஆண்டு விஷயத்தில் நம்பத்தகாதவை, பழக்கவழக்க விஷயத்தில் விலைமதிப்பற்றவை. எந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும், யார் பின்வாசல் வழியாக வருவார்கள் என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

எண்ணும் இரவலும்

சேகரிப்பில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் இடும் சேர்க்கை எண்ணுக்கு உலகெங்கும் பழகிய முறை மூன்று பகுதி: சேர்ந்த ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 1987.12.4 என்றால் 1987-இன் 12-ஆம் வரவில் 4-ஆம் பொருள். மரம், உலோகம், பீங்கானுக்கு பாராலாய்டு பி-72 பிசினை ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. பிசினைக் கரைக்கும் அசிட்டோன் வார்னிஷையும் கரைக்கும் என்பதால், வார்னிஷ் பூசிய பரப்பில் இதைச் செய்யாமல் அட்டை கட்டிவிட வேண்டும். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைப்பது. தாளுக்கு மென்மையான பென்சில். ஒட்டுத்தாள் எதற்கும் ஆகாது. அதன் பசை பத்தாண்டில் கறையாகிவிடும், எண் மட்டும் உதிர்ந்துவிடும்.

எண் உதிர்ந்த பொருள் கிடைத்தால், ‘இது அந்த 1962 நன்கொடையாகத்தான் இருக்கும்’ என்று முடிச்சுப் போடக் கூடாது. ‘சேகரிப்பில் கண்டெடுத்தது’ என்று தனித்தொடரில் தற்காலிக எண் கொடுத்து, பழைய பதிவோடு அளவும் அடையாளமும் பொருந்திய பின்புதான் இணைக்க வேண்டும். நகல்களுக்கும் பார்வையாளர் உட்காரப் போட்டிருக்கும் நாற்காலிகளுக்கும் வேறு முன்னெழுத்தில் எண் வேண்டும். எண்ணில்லாத நகல் இருபது ஆண்டில் மூலப்பொருள் ஆகிவிடும். எண்ணில்லாத மூலப்பொருள் அலுவலக நாற்காலி ஆகிவிடும். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது.

புதிய தலைமைக் காப்பாட்சியர் வந்து முதல் மாதத்திலேயே தேடிப் படிக்க வேண்டியது இரவல் ஒப்பந்தங்களை. வீட்டைக் கொடுத்த குடும்பத்தார் பல பொருள்களை ‘நிரந்தர இரவல்’ என்று விட்டுவைத்திருப்பார்கள். முடிவுத் தேதி கிடையாது. சிலவற்றுக்குக் கடிதமே கிடையாது. தலைமுறை மாறியதும் வாரிசுகள் வந்து கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கும். அதுவரை பழுதுபார்க்கச் செலவழித்தது போனதுதான். எல்லா இரவலையும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக் கெடு உள்ள, புதுப்பிக்கக்கூடிய ஒப்பந்தமாக மாற்றி எழுதுவது ஒன்றுதான் இதற்கு வழி. காப்பீடு, பழுதுபார்க்கும் உரிமை, உரிமையாளர் இறந்தால் யாரோடு பேசுவது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

ஒரு வரவேற்பறையின் வெளிச்சக் கணக்கு

தேய்மானம் எப்படிக் கணக்குக்குள் வருகிறது என்பதை வெளிச்சத்தில்தான் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். பட்டு, சுவர்த்தாள், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது எல்லோரும் சொல்லும் எண். ஆனால் சேதம் என்பது வெளிச்சத்தின் அளவும் நேரமும் சேர்ந்த மொத்தம். 50 லக்ஸில் பத்து மணி நேரமும் 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே ஆண்டுக்கு மொத்தம் 1,50,000 லக்ஸ்-மணி என்று வரம்பு வைப்பது வழக்கம்.

பட்டு போர்த்திய நாற்காலி உள்ள ஓர் அறை நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டில் 300 நாள் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,100 மணி. 50 லக்ஸில் வைத்திருந்தால் 1,05,000 லக்ஸ்-மணி. வரம்புக்குள்தான் இருக்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் காலையில் துடைத்துப் பெருக்குவதற்காகச் சன்னல் கதவுகளை விரியத் திறந்து, 300 லக்ஸ் வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் வேலை நடக்கிறது. 300 நாளுக்கு 450 மணி. 300 லக்ஸால் பெருக்கினால் 1,35,000. பார்வையாளர் யாரும் இல்லாத நேரத்தில், ஓர் ஆண்டின் ஒதுக்கீடு ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிட்டது. அந்தப் பட்டுக்கு ஆண்டுச் செலவு 2,40,000. மாட்டிய அளவுமானி பகல் 10 மணிக்குப் பார்க்கும்போது ஒழுங்காக 50 காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

சரிசெய்வது எளிது. துப்புரவின்போது சன்னலைத் திறக்காமல், தேவையான இடத்துக்கு மட்டும் கைவிளக்கைக் கொண்டுபோவது. திறக்கும் நேரத்துக்குச் சரியாக மட்டுமே சாளர மறைப்பை ஏற்றுவது. மூடிய மாதங்களில் முழு இருட்டு. சுற்றுலா வழியை வெளிச்சமான அறையிலிருந்து படிப்படியாக மங்கலான அறைக்குப் போகும்படி அமைத்தால், கண் பழகிவிடும். 50 லக்ஸ் இருட்டாகத் தெரியாது. வெயில் முற்றத்திலிருந்து நேரே பட்டு வைத்த அறைக்குள் நுழைந்தால் நிர்வாகத்துக்குப் புகார்தான் வரும்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலத்தைச் சன்னலில் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பரவலான பிழை. கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தை வெளுக்கும், அதைப் படலம் தடுக்காது. படலத்துக்கும் ஆயுள் உண்டு. ஏறத்தாழ பத்தாண்டில் திறன் குறையும். ஒட்டிய தேதியைச் சன்னல் சட்டத்தின் ஓரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. கையால் ஊதிச் செய்த பழைய கண்ணாடியில் ஒட்டினால் படலம் வாங்கும் சூட்டில் விரிசல் விடலாம், கழற்றும்போதும் உடையலாம். அங்கே உட்புறம் தனியாக அக்ரிலிக் பலகை பொருத்துவதே பாதுகாப்பு. வெளிச்சத்தில் வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும் நீலக் கம்பளித் துண்டுகள் ஒட்டிய அளவுச் சீட்டு ஒன்றைப் பாதி மூடி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து ஆண்டுக்கொருமுறை பார்த்தால், எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பது அறங்காவலர்களுக்கும் கண்கூடாகத் தெரியும். பத்துப் பக்க அறிக்கையைவிட அது பலனளிக்கும்.

ஈரம்: வீட்டுக்கும் பொருளுக்கும் நடக்கும் இழுபறி

மரம், தாள், தோல், துணிக்கு 40 முதல் 65 சதவீத ஒப்பு ஈரப்பதம் ஒத்துக்கொள்ளும். அதற்குள் திடீர்த் தாவல் இல்லாமல் இருப்பது இன்னும் முக்கியம். 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை. இதற்கு மருந்தாகப் பழைய வீட்டில் குளிர்சாதனம் பொருத்துவது பல இடங்களில் நோயைவிட மோசமாக முடிந்திருக்கிறது. வெளியே 32 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 27 டிகிரி. அறையை 22 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டு, இடுக்கும் சந்தும் நிறைந்த வீட்டுக்குள் அந்தக் காற்று கசிய விட்டால், சுவர்ப்பரப்பிலும் காரைக்குப் பின்னாலும் அலமாரியின் முதுகிலும் நீர் கோக்கும். மின்கட்டணம் மிச்சம் என்று இரவில் நிறுத்துவது அடுத்த அடி. ஒவ்வொரு நாளும் ஈரம் ஏறி இறங்கும். மரச்சாமான்களின் மேல் ஒட்டிய மெல்லிய பலகைத் தகடான வெனீர் கழன்று வரும்.

குளிர்நாடுகளில் வேறு உத்தி: ஆளுக்காக அல்லாமல் ஈரத்துக்காக லேசாகச் சூடாக்குவது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒப்பு ஈரப்பதம் 3 சதவீதம்போல் இறங்கும் என்ற கணக்கில், ஈரமானியே சூட்டியை இயக்கும். வெப்பநாடுகளில் உலர்த்தும் இயந்திரமும், வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் சன்னல் திறப்பதும். ‘காலையில் காற்றோட்டம் நல்லது’ என்ற பழக்கத்தை அளக்காமல் பின்பற்றக் கூடாது. மழைக்காலக் காலையில் அது ஈரத்தை அழைத்து வரும்.

எந்த இயந்திரத்தையும் வாங்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது கூரை நீர்க்கால்வாய். அடைத்த கால்வாயிலிருந்து சுவரில் வழியும் நீரை எந்த உலர்த்தியாலும் சமாளிக்க முடியாது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு பூசுவதும் அதேபோல் கேடு. சுவர் விடும் ஈரத்துக்கு வழியடைத்தால் அது மேலே ஏறும், உப்புப் பூக்கும். மேற்பார்வைக்கு அளவுக்கருவிகளைக் கதவருகேயும் வெளிச்சுவரிலும் மாட்டாமல் உள்சுவரில் மாட்டி, ஆண்டுக்கொருமுறை அளவு சரிபார்த்து, பக்கத்தில் நிகழ்ச்சிக் குறிப்பும் வைத்தால்தான் வரைகோட்டுக்குப் பொருள் கிடைக்கும். சும்மா இருக்கும் ஒரு மனிதர் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். 100 பேர் 2 மணி நேர மாலை விருந்து என்றால் 10 லிட்டர் நீரை அந்த அறைக்குள் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் வரைபடத்தில் எழும் குன்றுக்கு அதுதான் காரணம்.

தூசி, பூச்சி, நஞ்சு

அறையின் தூசியில் பெரும்பகுதி வருகையாளரின் உடையிலிருந்து உதிரும் நார். நடைபாதைக்கு அருகில்தான் அது அதிகம் விழுகிறது, தள்ளிப்போகப் போகச் சட்டென்று குறைகிறது. தடுப்புக் கயிற்றை ஓரடி பின்னுக்கு நகர்த்தினால் துடைக்கும் வேலையே குறையும். துடைப்பதும் தேய்மானம்தான். வெள்ளியை மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி போகிறது, செதுக்கு வேலை மழுங்குகிறது. தங்கமுலாம் பூசிய சட்டத்தை ஈரத்துணியால் தொடவே கூடாது. நீர்ப்பசையில் ஒட்டிய தங்கம் துணியோடு வந்துவிடும். மென்மயிர்த் தூரிகையால் தட்டி, வலை கட்டிய உறிஞ்சிக் குழாய்க்குள் விடுவதே முறை. குதிகால் செருப்பைப் பற்றி வாசலில் எழுதுவதோடு நிற்காமல் மாற்றுக் காலணி வைத்திருக்க வேண்டும். 60 கிலோ ஆள் ஒரு சதுர சென்டிமீட்டர் குதிகாலில் ஊன்றினால் மரத்தரையில் பள்ளம் விழுந்தே தீரும்.

இராமபாணம், அந்துப்பூச்சி, கம்பள வண்டு, மரத்துளைப்பான், கரையான்: எதிரிகள் தெரிந்தவர்கள்தான். ஒட்டுப்பொறிகளை எண்ணிட்டு வரைபடத்தில் குறித்து, காலாண்டுக்கொருமுறை எண்ணிப் பார்த்தால் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று தெரியும். துணியைப் பாலித்தீனில் காற்றில்லாமல் அடைத்து மைனஸ் 30 டிகிரியில் 3 நாள், வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18-இல் 2 வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் திறக்காமல் விட வேண்டும். உடனே திறந்தால் நீர் கோத்துக் கறையாகும். தீட்டிய மரம், வெனீர் ஆகியவற்றை உறையவைக்கக் கூடாது. அழகுக்காக வைக்கும் புதுப் பூக்களையும் விட்டுவிடலாம். வளர்ந்த கம்பள வண்டு பூந்தாதைத் தின்பது, பூவோடு சேர்ந்தே உள்ளே வந்துவிடலாம்.

19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைச் சுவர்த்தாளிலும் பாடம் செய்த விலங்குகளிலும் ஆர்சனிக் இருக்கலாம். பழைய நிலைக்கண்ணாடியின் முதுகில் பாதரசம் உண்டு, அது சட்டத்தின் அடியில் சொட்டாகத் தேங்கும். சோதிக்கும்வரை கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது.

தீ

இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை 1989 ஆகஸ்டு 30 அன்று எரிந்தது, கூரையின் ஈயத் தகட்டைப் பழுதுபார்த்தவர்களின் தீச்சுடரால். பழுதுபார்க்கும் பணி முடியும் தறுவாயில் இருந்தது. அதே நாட்டின் கிளாண்டன் பார்க் மாளிகை 2015 ஏப்ரல் 29-இல், அடித்தளத்து மின்பகிர்வுப் பலகையில் தொடங்கிய தீயால் வெறும் சுவர்க்கூடாக மிஞ்சியது. கூரைப் பழுதும் மின்சாரமும்தான் இப்போதும் முதல் இரண்டு சந்தேகங்கள். சுடர் அல்லது பொறி வரும் எந்த வேலைக்கும் அன்றன்றைக்கு எழுத்து அனுமதி வேண்டும், வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரக் காவல் வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

மீட்பு வரிசைப் பட்டியல் என்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். முக்கால்வாசி, விலை அடிப்படையில் எழுதிய 200 வரிப் பட்டியல். புகைக்குள் போகும் தீயணைப்பு வீரருக்குப் பயன்படாது. அறைக்கு மூன்று நான்கு பொருள், பொருளுக்கு ஒரு தாள்: படம், சுவரில் இருக்கும் இடம், எடை, எத்தனை ஆள், எந்தத் திருப்புளி, எந்த வாசல் வழியாக வெளியேறும். பெரிய ஓவியம் கதவில் நுழையாது என்றால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நனையாமல் மூடும் துணியை அங்கேயே வைப்பது புத்திசாலித்தனம். இந்தத் தாள்கள் திருடனுக்கும் வழிகாட்டி என்பதால் முத்திரையிட்ட உறையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை தீயணைப்புத் துறையோடு ஒத்திகை நடத்தி, ஓவியத்துக்குப் பதில் அதே அளவு பலகையைக் கழற்றி எடுத்துவரச் சொன்னால் எந்தத் திருகு துருப்பிடித்திருக்கிறது என்பது முன்பே தெரிந்துவிடும்.

‘முடியாது’ என்று சொல்வதும் எழுதி வைப்பதும்

பாட்டியின் நாற்காலியைக் கொடுக்க வருபவர், திருமணத்துக்குக் கூடம் கேட்பவர், படப்பிடிப்புக் குழு: இந்த மூன்று பேரிடமும் பேசுவதில் தலைமைக் காப்பாட்சியரின் வாரம் கணிசமாகப் போகும். சேகரிப்பின் வரம்பை ஒரு பக்கத்தில் எழுதி அறங்காவலர் குழுவின் ஒப்புதல் பெற்றிருந்தால் நாற்காலியை மனம் நோகாமல் மறுக்கலாம். ‘காட்சிக்கு வைப்போம்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நிகழ்ச்சிக்கு விடும் அறைகளைச் சேகரிப்புப் பொருள் இல்லாத அறைகளாக முன்பே பிரித்துவைத்து, மெழுகுவர்த்தி, சிவப்பு ஒயின், புகை இயந்திரம் மூன்றையும் ஒப்பந்தத்தில் தடைசெய்து, காப்பாட்சியர் பிரிவு ஆள் ஒருவர் கூலியோடு உடனிருக்க வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். படக்குழுவின் விளக்குகள் ஒரே நாளில் எத்தனை லக்ஸ்-மணி சேர்க்கும் என்று கணக்குப் போட்டு வாடகையோடு சேர்த்துக் காட்டினால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

பொருளைச் சேகரிப்பிலிருந்து நீக்கி விற்றால், அந்தப் பணம் சேகரிப்பின் நலனுக்கு மட்டுமே போகவேண்டும் என்று உலக அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறை சொல்கிறது. கூரை ஒழுகும் ஆண்டில் இந்த விதிக்கு நெருக்கடி வரும். அதற்குள் நீக்கல் கொள்கையை நிறைவேற்றி வைத்திருப்பது தலைவருக்குக் கவசம்.

இத்தனை முடிவும் தலைவரின் மண்டைக்குள்ளேயே இருந்தால் அவர் போனதும் போய்விடும். அறைக்கு ஒரு கோப்பு போதும்: தேர்ந்த ஆண்டும் காரணமும், பொருள்வாரி ஆதாரத் தரம், வண்ண மாதிரி எடுத்த இடங்கள், ஆண்டு வெளிச்சக் கணக்கு, பழுது வரலாறு, மறுத்த யோசனைகளும் மறுத்ததற்கான காரணமும். ஆய்வின்படி பச்சை அடிக்க வேண்டிய சுவரில் பணமில்லாமல் பழைய வெள்ளையையே விட்டுவைத்திருந்தால், ‘பணமில்லை’ என்றே தேதியோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அந்த வெள்ளைக்கும் ஓர் ஆதாரம் இருப்பதாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்.